அண்ணாச்சி சாப்பிடும் நேரம்

தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே படி ஓரிடத்தில் திரும்பும். ஜன்னல் கிடையாது. ஒரு டியூப்லைட், ஓரத்தில் கிழிந்த அட்டைப்பெட்டிகள், அவ்வளவுதான். மதியம் கூட்டம் குறைகிற நேரத்தில் அந்தப் படியில் எங்கள் ஆட்கள் யாரும் கால் வைப்பதில்லை. லிப்ட் வரும்வரை நிற்பார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள்கூடக் காரணம் தெரியாமல், பழையவர்களைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். அங்கே நின்று சாப்பிட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தாலும் எங்களுக்கு அது இன்னும் அண்ணாச்சி சாப்பிடும் நேரம்.

பட்டுச்சேலைப் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். முதலாளியிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். சம்பளச் சீட்டில் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு, தோளில் எப்போதும் ஒரு துண்டு. தீபாவளிக்குத் தீபாவளி சட்டை அதே அளவில்தான் தைப்பார். ஆனால் வருஷத்துக்கு வருஷம் ஆள் சிறுத்துக்கொண்டே வந்ததால், கடைசியில் சட்டைக்குள் அவரைத் தேடவேண்டியிருந்தது.

காலையில் வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் வராது. "சாப்ட்டியா?" என்பார். இல்லையென்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். "வெறும் வயித்தோட நின்னுக்கிட்டு என்னத்தச் சேலை காட்டுவ? போ, போய் ரெண்டு இட்லிய உள்ள தள்ளிட்டு வா" என்று துரத்துவார். மொட்டைமாடியில் கடை மெஸ். நாங்கள் முறை வைத்துப் போய்ச் சாப்பிடுவோம். அவர் வாசலில் நின்று, யார் தட்டில் என்ன குறைகிறது என்று பார்ப்பார். எனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று என் வீட்டுக்காரருக்கே மறந்துபோகும், அவருக்கு மறக்காது. சொதியைப் பற்றியும் உளுந்தங்களியைப் பற்றியும் அவர் பேச ஆரம்பித்தால், சேலை வாங்க வந்தவர்கள் விலையை விட்டுவிட்டுப் பக்குவம் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அந்தப் படிக்குப் போய்விடுவார். யாராவது இறங்கி வந்தால் மூடிவிடுவார். அவர்கள் போனபிறகுதான் திறப்பார்.

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குலதெய்வத்துக்கு ஏதோ வேண்டுதல் என்றாள் ஒருத்தி. செத்துப்போன மனைவிக்குக் கொடுத்த சத்தியம் என்றாள் இன்னொருத்தி. எனக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. நான் பட்டினப்பாக்கத்துக்காரி. அப்பா கடலுக்குப் போனவர், அம்மா கூடையில் மீன் விற்றவள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடாதவர்களைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன், அதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியும். என் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்தபோது அண்ணாச்சி வந்தார். குழந்தையைக் கையில் வாங்கிக் கொஞ்சினார், மோதிரம் போட்டார். தட்டு வைக்கிற நேரம் பார்த்தால் ஆளைக் காணவில்லை. "பெரிய மன்சன் நம்ம வூட்டுல துன்ன மாட்டாரு போலகீது" என்றாள் அம்மா. எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பாசமாக இருக்கிறவருக்கு இதுமட்டும் ஏன் என்று.

ஒருநாள் ஒரு கல்யாண கோஷ்டி, வாங்கிப்போன முகூர்த்தப் பட்டின் நிறம் வெயிலில் வேறு மாதிரித் தெரிகிறது என்று திரும்பிவந்து கத்திக்கொண்டிருந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிடு என்றார்கள். லிப்ட் மேலே மாட்டிக்கொண்டிருந்ததால் நான் படியேறி ஓடினேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு வாய் சோறு போட்டு வெகுநேரம் மென்றார். தண்ணீர் குடித்தார். பாக்ஸைப் படியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களைக் கோர்த்துக்கொண்டார். கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, நுனிக்காலில் எழும்பி, குதிகாலைத் தரையில் தொம்மென்று போட்டார். மறுபடியும் எழும்பினார், மறுபடியும் போட்டார். அப்புறம் அசையாமல் நின்றார். எலும்பும் தோலுமான அந்த முதுகு சட்டைக்குள் நடுங்குவது தெரிந்தது.

திரும்பிப் பார்த்தார். "பாத்துட்டியா?" என்றார். கோபமில்லை. திருடும்போது பிடிபட்டவர் மாதிரி இருந்தது முகம்.

"இன்னா அண்ணாச்சி இது? இன்னா ஆச்சு ஒங்களுக்கு?"

"சோறு எறங்க மாட்டேங்கும்மா" என்றார். "ஒரு வாய் திங்கதுக்குள்ள உசுரு போயிட்டு வருது. கையத் தூக்கிக் குதிச்சாத்தான் கொஞ்சமாவது எறங்குது. நெஞ்சு எரியும், அடைக்கும். சில நாளு தின்னது அப்படியே மேல வந்துரும். நாலு பேரு மத்தியில வாயப் பொத்திக்கிட்டு ஓட முடியுமா? அதான் இங்க வந்து நிக்கேன்."

அன்றுதான் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். நெஞ்செரிச்சல் நோய், வருஷக்கணக்காக இருக்கிறது. மாம்பலத்து டாக்டர் அசிடிட்டி என்று சொல்லி, வெறும் வயிற்றில் போடும் மாத்திரை ஒன்று கொடுத்தார். கேட்கவில்லை. அதையே காலை மாலை இரண்டாக்கினார். கேட்கவில்லை. இன்னொருவர் மாத்திரையை மாற்றி, ரோஸ் நிறத்தில் ஒரு மருந்தையும் சேர்த்தார். வேறொருவர் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, லேசாகச் சிவந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். கடைசியாகப் பார்த்தவர், எல்லாம் டென்ஷன்தான், மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அண்ணாச்சி இவர்கள் ஒருவரையும் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொன்னதையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் செய்திருந்தார். காபியை விட்டார். மிளகாயை விட்டார். தெற்கத்தி மனிதர், புளியையே விட்டார். கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்தார். படுத்தால் தின்றது தொண்டைக்கு வந்து இருமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் கட்டிலையும் விட்டு, நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கப் பழகியிருந்தார். "மருந்தெல்லாம் நல்ல மருந்துதாம்மா, எத்தனையோ பேருக்குக் கேக்கு. எங் கட்டதான் கேக்க மாட்டேங்கு" என்றார்.

அன்றைக்குப் பிறகு அவர் சாப்பிடும்போது நான் கீழ்ப்படியில் நிற்க ஆரம்பித்தேன். யார் வந்தாலும் "லிப்ட்ல போ" என்பேன். ஏன் என்றால் முறைப்பேன். என் முறைப்புக்குக் கடையில் ஒரு மரியாதை உண்டு.

அவருக்கு ஒரே மகள். சின்னவளாக இருக்கும்போதே தாய் போய்விட்டாள். அண்ணாச்சி தனியாளாக வளர்த்துப் படிக்கவைத்து, அவள் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஆவணியில் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அவர்கள் ஊர்க்காரர்கள்தான், பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். பையனும் பெண்ணும் பேசிப் பார்த்து இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து முடிவு பண்ணிவிட்டுப் போங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். "வீட்டுல பொம்பள ஆளு இல்ல. தங்கச்சி மொறைக்கு நீ வரணும்" என்று என்னைக் கூப்பிட்டார். கழுத்தில் மாதா டாலரோடு இருக்கிற என்னை, அவர்கள் வீட்டு நல்ல காரியத்துக்கு. நான் வேறு எதையும் கேட்காமல் சரியென்றேன்.

போவதற்கு முன்தினம்தான் விஷயம் தெரிந்தது. அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், காபித்தண்ணியோடு சரி. முடிவானதும் இலை போடுவார்கள். அப்போது உட்கார்ந்து கை நனைத்துவிட வேண்டும். நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால், வாய் என்ன சொன்னாலும் மனசில் விருப்பமில்லை என்று அர்த்தம்.

"ஒடம்பு இப்படிகீதுன்னு சொல்லிட வேண்டியதுதான அண்ணாச்சி?" என்றேன்.

"சொன்னா என்ன கேப்பாவ தெரியுமா? அப்பனுக்குப் பேர் தெரியாத சீக்கு, நாளைக்கு மகளுக்கும் வருமோன்னு கேப்பாவ. வேண்டாம்மா. நாலு வாய்தான. நாளைக்கி வரைக்கும் ஒண்ணும் திங்காம, நெஞ்சக் காலியா வச்சிக்கிடுதேன். எறங்கிரும்."

சைதாப்பேட்டை வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் போனது. தட்டு மாற்றிக்கொள்ள நாள் பேசினார்கள். இலை போட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்ல ஆகிருதியான மனிதர். தின்பதிலும் தின்னவைப்பதிலும் அவருக்கு அவ்வளவு ஆசை. தான் சாப்பிடாமல் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சம்பந்தி, நம்மூர்ச் சொதி, ஊத்திக்கிடுங்க" என்று அவரே ஊற்றினார். நான் எதிர்வரிசையில். அண்ணாச்சி பிசைந்தார். ஒரு வாய், தண்ணீர். இன்னொரு வாய், தண்ணீர். அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என் இலையில் என்ன இருந்ததென்று தெரியாது. மூன்றாவது வாய்க்குப் பிறகு அவருடைய இடது கை தன்னையறியாமல் மேலே எழும்பியது. தோளுயரம் வந்ததும் உணர்ந்து, துண்டைச் சரிசெய்கிற மாதிரி இறக்கிக்கொண்டார். நிமிர்ந்து என்னைத் தேடினார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்து, "வாயத் தொறங்க சம்பந்தி" என்று ஊட்டிவிட்டார். ஊட்டிவிட்டுக் கைதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, அடுக்களை வழியாகக் கொல்லைக்கு ஓடினார். வந்த சத்தம் கூடம்வரை கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்து, "வெயில் ஒத்துக்கிடல, மன்னிக்கணும்" என்றார். பாதி இலை அப்படியே கிடந்தது.

மறுநாள் தரகர் மூலமாகப் பதில் வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது, எங்கள் வீட்டுச் சோற்றை வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிட்டார், வற்புறுத்தி என்ன ஆகப்போகிறது என்று. அண்ணாச்சி அன்று முழுக்க மடித்த சேலையைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். மதியம் படிக்குப் போகவில்லை. "எம் புள்ள மொகத்தப் பாக்க முடியல" என்று மட்டும் சொன்னார்.

இதற்குமேல் அவர் பேச்சைக் கேட்பதாக நான் இல்லை. அடையாறில், இந்த மாதிரிக் கோளாறுக்கென்றே பார்க்கும் ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயசுப் பெண்தான். பழைய சீட்டுகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, "சார், மேல திரும்பி வருதுன்னு சொல்றீங்களே, அது புளிக்குமா? கசக்குமா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி யோசித்தார். "இல்லம்மா. தின்ன மாதிரியே வரும். சோறுன்னா சோத்து ருசிதான், இனிப்புன்னா இனிப்புதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "புளிப்பு இரைப்பைல தான் சார் இருக்கு. நீங்க சாப்பிட்டது அங்க போகவே இல்ல. பாதியிலயே நிக்குது. இதுவரைக்கும் உங்ககிட்ட இதை யாரும் கேக்கலையா?"

யாரும் கேட்கவில்லை. வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி அழுத்தம் பார்த்தார்கள். படத்தைக் காட்டினார் டாக்டர். உணவுக்குழாய் பைபோல வீங்கி, கீழே போகப்போக முள்ளங்கி வால் மாதிரி ஒடுங்கியிருந்தது. இரைப்பையின் வாயில் இருக்கும் தசை, விழுங்கும்போது விரிந்துகொடுக்க வேண்டும். அவருக்கு அது விரிவதே இல்லை. அமிலம் இங்கே பிரச்சினையே இல்லை, அதனால்தான் எந்த மாத்திரையும் கேட்கவில்லை. வாய்வழியாகவே கருவியை விட்டு அந்தத் தசையை உள்ளே வெட்டிவிட்டால் சாப்பாடு இறங்கும் என்றார். பிற்பாடு நிஜமாகவே நெஞ்செரிச்சல் வரலாம், அதற்கு இதே மாத்திரை நன்றாகக் கேட்கும் என்று சொல்லிச் சிரித்தார்.

"அப்ப எங் கட்ட மேல தப்பில்ல" என்றார் அண்ணாச்சி. மாத்திரை கேட்காததை அத்தனை வருஷமும் தன் குற்றம் என்று நினைத்திருந்த மனிதர். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இளநீர் விற்கிறவர் எங்களையே பார்த்தார்.

நான் நேராகச் சைதாப்பேட்டைக்குப் போனேன். எக்ஸ்ரே படத்தையே கொண்டுபோய் மாப்பிள்ளையின் அப்பா முன்னால் விரித்தேன். "இத்தப் பாருங்க. துப்பல அவரு. எறங்கல அவருக்கு. பாவம், ஒங்க வூட்டுச் சோத்துக்காவ ஒரு நாள் பூரா பட்டினி கெடந்துட்டு வந்தாரு" என்றேன். அவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "நான்லா இனிப்ப வேற வாயில திணிச்சேன்" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? வைத்தியத்த முடிச்சிட்டு வரச் சொல்லுங்க. தையில கல்யாணம். அதுக்கு முன்ன ஒரு நாளு இங்க வந்து அவிய மெதுவாக் கை நனைக்கட்டும். எவ்வளவு நேரம் வேணாலும் ஆவட்டும்."

டாக்டர் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார். அதுவரை நீராகாரம்தான், எக்காரணம் கொண்டும் சமமாகப் படுக்கக்கூடாது, தேங்கி நிற்பது நுரையீரலுக்குள் போய்விடும் என்று எச்சரித்திருந்தார். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தேதியை மட்டும் தள்ளிப்போட்டார். "தீபாவளி முடியட்டும்மா."

எங்கள் தொழிலில் புரட்டாசிக் கடைசியிலிருந்து தீபாவளி வரைக்கும் யாரும் லீவு கேட்பதில்லை. செத்தாலும் ஒழிந்தாலும் ஐப்பசிக்குப் பிறகுதான் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். முதலாளிகூடப் போய்ட்டு வாங்க அண்ணாச்சி என்றார். நான் சண்டை போட்டேன், மகள் அழுதாள். "இத்தன வருசம் இருந்தாச்சு, இன்னும் மூணு வாரந்தான். மக கல்யாணச் சேலைய இந்த ஸ்டாக்குல நானே எடுத்து வைக்கணும்" என்று சிரித்தார். அந்த நாட்களில் அவர் முகத்தில் இருந்த தெளிச்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. சைதாப்பேட்டையில் முதலில் எதைச் சாப்பிடுவது என்று என்னிடம் விவாதிப்பார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. தெருவில் எள் போட்டால் விழாது. காலையிலிருந்து அண்ணாச்சி உட்காரவே இல்லை. மதியம் ஸ்டாக் எடுக்கப் போனவரைக் காணோமென்று நான் குடோனுக்குப் போனேன். சேலைக்கட்டுகளின்மேல் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு ஒன்றுமில்லை. சமமாக, கால்களை நீட்டி, வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரி. அவர் அப்படிப் படுத்துத் தூங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். உலுக்கி எழுப்பினேன். "அசந்துட்டேன் போலருக்கு" என்று எழுந்து இருமினார். இருமல் நிற்கவில்லை. காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தீபாவளிவரை நின்றார். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு நுரையீரலும் சளி கட்டியிருந்தன. டாக்டர் எவ்வளவோ பாடுபட்டார். திரும்பவில்லை.

இப்போதும் கூட்டத்தில் யாராவது சோம்பல் முறித்து இரண்டு கைகளையும் மேலே தூக்கினால், அது அண்ணாச்சி இல்லையென்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். சில நாள் சாப்பிடும்போது என் தொண்டையில் சோறு இறங்குவது எனக்கே கேட்கிறது. பக்கத்தில் யாரோ அதைக் கவனித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அப்போது தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். மாம்பலத்தில் சின்ன வீடு. சைதாப்பேட்டைக்காரர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கூடத்தில் அண்ணாச்சியின் படத்துக்கு முன்னால் பெரிய தலைவாழை இலையை விரித்துப் படையல் போட்டார்கள். சொதி, உளுந்தங்களி, வருஷக்கணக்காக அவர் தொடாத புளிக்குழம்பு, எல்லாம் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பாதான் பரிமாறினார். இனிப்பு வைக்க வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். மகள்தான் அவர் கையைப் பிடித்து வைக்கச் செய்தாள். சூடம் காட்டினார்கள். படைத்தபின் இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது வழக்கம். அதன்படி எங்களை வெளியே அனுப்பிவிட்டு, மகள் கடைசியாக வந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

தெருவில் நின்றோம். ஆட்டோக்கள் போயின. வழக்கமாகக் கொஞ்ச நேரம்தான், அப்புறம் கதவைத் தட்டித் திறந்துவிடுவார்கள். உறவுக்காரர் ஒருவர், "போதும், தொறக்கலாம்லா?" என்று கதவுப் பக்கம் போனார்.

மகள் குறுக்கே வந்து நின்றாள். "இன்னும் கொஞ்சம் இருங்க மாமா" என்றாள். "அப்பாவுக்கு நேரமாகும்."

உறவுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா வாசல்படியில், கதவுக்கு முதுகைக் காட்டி, உட்கார்ந்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு யாரும் கதவைத் தட்டவில்லை.